பக்கவாதம் வந்த அப்பா, முட்டிவலி அம்மா, நாலு வயது மகன்: கொல்லையில் எப்படித் தோட்டம் போடுவது?

நீங்கள் கேட்டதை ஒருமுறை திரும்பச் சொல்லிவிடுகிறேன். நான் தப்பாகப் புரிந்துகொண்டு பதில் எழுதினால் செலவு உங்களுக்குத்தான். திருச்சியில் தெற்குப் பார்த்த மாடி வீடு. பின்னால் கொல்லையில் 30 அடி அகலம், 43 அடி நீளம், கிட்டத்தட்ட 3 சென்ட் இடம் சும்மா கிடக்கிறது. அப்பாவுக்கு 69 வயது, போன வருடம் பக்கவாதம் வந்து வலப்பக்கம் பலவீனமாகிவிட்டது, இடது கையில் நாலுகால் ஊன்றுகோலைப் பிடித்து நடக்கிறார். அம்மாவுக்கு முட்டிவலி, ஆனாலும் கீரையும் காயும் பூஜைக்குப் பூவும் கொல்லையிலேயே பறிக்க வேண்டும். மகனுக்கு 4 வயது. நீங்கள் இருவரும் வேலைக்குப் போகிறவர்கள், ஞாயிறு காலை 3 மணி நேரம்தான் தோட்டத்துக்குக் கொடுக்க முடியும். யாருக்கு என்ன செடி வைப்பது, இடத்தை எப்படிப் பிரிப்பது, நடுவில் புல்தரை போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வியில் செடி என்ற வார்த்தை பலமுறை வந்தாலும், நீங்கள் உண்மையில் கேட்பது வேறு: நான்கு விதமான ஆட்கள் ஒருவர் காலை ஒருவர் இடறாமல் ஒரே இடத்தில் எப்படிப் புழங்குவது?

நான் பெரியகுளத்தில் தோட்டக்கலை படித்தவன். 20 வருடத்துக்கு மேலாக வீடு, பள்ளிக்கூடம், முதியோர் இல்லம் என்று தோட்டம் போட்டுக் கொடுப்பதுதான் பிழைப்பு. ஆரம்ப காலத்தில் யார் வந்தாலும் நான் முதலில் கேட்டது, 'என்ன செடி பிடிக்கும்?' இப்போதெல்லாம் அதைக் கடைசியில்தான் கேட்கிறேன். யார் எத்தனை மணிக்கு வெளியே வருவார், எவ்வளவு நேரம் இருப்பார், எந்தக் கையால் எதைப் பிடிப்பார், எங்கே உட்காருவார் என்பவைதான் முதல் கேள்விகள். உங்கள் கொல்லையை ஆளுக்கொரு பங்காகப் பிரித்தால் தலைக்கு முக்கால் சென்ட் வரும். அதில் யாருக்கும் உருப்படியாக ஒன்றும் அமையாது. நேரத்தைப் பிரித்துப் பாருங்கள், கணக்கு மாறிவிடும். காலை ஆறரைக்கு அப்பாவின் நடை, அதே நேரத்தில் அம்மாவின் பூப்பறிப்பு. பகல் முழுக்க யாரும் வரப்போவதில்லை. மாலை ஐந்து மணிக்கு மேல் பேரன். ஒரே இடம் மூன்று பேருக்கும் முழுதாகக் கிடைக்கிறது.

இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். சில வருடங்களுக்கு முன் ஒரு முதியோர் இல்லத்துக்குத் தோட்டம் போட்டேன். நடுவில் பச்சைப்பசேலென்று புல், வளைந்து வளைந்து போகும் பாதை, மரத்தடியில் கல் பெஞ்சுகள், ஓரமெல்லாம் இட்லிப்பூ. படமெடுத்து மாட்டிவைக்கிற அழகு. ஆறு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால் பெஞ்சில் ஒரு ஈ காக்கா இல்லை. பெரியவர்கள் அத்தனை பேரும் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் வாசல் கேட்டருகே, வாட்ச்மேன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அங்கே நிழல்கூடக் கிடையாது. ஆனால் தெரு தெரிந்தது. பால்காரர், பள்ளிக்கூட வேன், யார் வீட்டுக்கோ வந்த ஆட்டோ. திண்ணையில் வளர்ந்தவர்களைக் கொண்டுபோய்ப் புல்லைப் பார்த்து உட்காரச் சொல்லியிருக்கிறேன், என் தப்பு. அந்தக் கல் பெஞ்சுகளைப் பெயர்த்துக் கேட் பக்கம் கொண்டுவந்து, மேலே ஒரு பந்தல் போட்ட பிறகுதான் அது அவர்கள் தோட்டமானது.

நீங்கள் அனுப்பிய படத்தில் வீட்டின் மேற்குப் பக்கம் 4 அடிச் சந்து இருக்கிறது. கொல்லையின் தென்மேற்கு மூலையில் நின்றால் அந்தச் சந்து வழியாகத் தெரு தெரியும் என்று நினைக்கிறேன். அப்பாவின் முதல் பெஞ்சு அங்கேதான் வரவேண்டும். மற்றதை அதிலிருந்து தொடங்குவோம்.

அதற்கு முன் வெயில். வீட்டுக்குப் பின்னால் இருப்பதால் மாடி வீட்டு நிழல் கொல்லையில் விழும், அதனால் கோடையில் கவலையில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நடப்பது தலைகீழ். வடநாட்டுக்காரர்களும் வெளிநாட்டுக்காரர்களும் எழுதியதைப் படித்து நம்மில் பலர் சூரியன் எப்போதும் தெற்கே இருப்பதாகவே நினைத்துக்கொள்கிறோம். திருச்சி இருக்கும் அட்சரேகையில் ஏப்ரல் மூன்றாம் வாரம் உச்சிவெயில் நேர் தலைக்கு மேல் வரும். அதன்பின் ஆகஸ்ட் மூன்றாம் வாரம் தாண்டும் வரை நண்பகல் சூரியன் உச்சிக்கு வடக்கே சாய்ந்திருக்கும். உங்கள் கொல்லை வீட்டுக்கு வடக்கே. ஆக மே, ஜூன், ஜூலையில் வீட்டு நிழல் முன்வாசலில் விழும், கொல்லை வறுபடும். ஆகஸ்ட் கடைசிக்குப் பிறகுதான் நிழல் பின்பக்கம் திரும்பும், டிசம்பரில் அதிகமாக நீளும். கைப்பிடிச்சுவரோடு வீட்டின் உயரம் 24 அடி என்று வைத்துக்கொண்டால், டிசம்பர் நண்பகலில் வீட்டை ஒட்டிய சுமார் 16 அடி நிழலில் இருக்கும். இதிலிருந்து இரண்டு முடிவுகள் வருகின்றன. காய்கறிப் பாத்தி வடகோடியில் இருக்க வேண்டும், அங்கேதான் வருடம் முழுக்க வெயில். கோடைக்கான நிழலை வீடு தராது, பந்தலும் மரமும்தான் தரவேண்டும். மேற்கே பக்கத்து மனை காலி என்கிறீர்கள், அப்படியானால் மாலை வெயில் தடையில்லாமல் உள்ளே வரும். மரம் மேற்கு எல்லையில்தான்.

சரி, அப்பா வீட்டைவிட்டு எப்படி இறங்குவார்? கொல்லை வாசல் தென்கிழக்கு மூலையில், 3 படி, படிக்கு 6 அங்குலம், மொத்தம் 18 அங்குல உயரம். சாய்தளத்துக்குப் பல இடங்களில் வைத்திருக்கும் கணக்கு, 1 அங்குல உயரத்துக்கு 12 அங்குல நீளம். ஆக 18 அடி நீளம் வேண்டும். மேலே கதவைத் திறந்து நிற்க 5 அடி சமதளம், கீழே திரும்ப 5 அடி சமதளம். கூட்டினால் 28 அடி. உங்கள் கொல்லையின் அகலம் 30. வீட்டுச் சுவரை ஒட்டியே கிழக்கிலிருந்து மேற்காக இறக்கினால், சாய்தளம் போய் முடிகிற இடம் அந்தத் தென்மேற்கு மூலைதான், தெரு தெரிகிற பெஞ்சு. இப்படிக் கச்சிதமாகப் பொருந்துவது அபூர்வம், விட்டுவிடாதீர்கள். ஆனால் படியை இடிக்க வேண்டாம். பக்கவாதம் வந்தவர்களில் சிலருக்குச் சாய்தளத்தில் இறங்கும்போது பலவீனமான காலின் கணுக்கால் ஒத்துழைக்காது, பிடிமானம் உள்ள தாழ்வான படியே அவர்களுக்கு வசதியாக இருக்கும். உங்கள் அப்பா எந்த ரகம் என்பது அவருடைய பிசியோதெரபிஸ்ட் நடக்கவிட்டுப் பார்த்துச் சொல்லவேண்டியது. நான் சொன்னால் அது வெறும் ஊகம். இரண்டுக்கும் இரு பக்கமும் கைப்பிடி வையுங்கள். நாளைக்குச் சக்கர நாற்காலி தேவைப்பட்டாலும் சாய்தளம் கைகொடுக்கும். இன்றைக்கு உங்கள் மகன் மூன்று சக்கர சைக்கிளில் அதில் சர்ரென்று இறங்கப் போகிறான் என்பதும் நிச்சயம், கீழே அந்த 5 அடிச் சமதளத்தில் கஞ்சத்தனம் பண்ணாததற்கு அதுவும் ஒரு காரணம்.

இப்போது பாதை. இதில்தான் முக்கால்வாசிப் பேர் சறுக்குகிறார்கள். நேராக ஒரு பாதை போட்டு ஓரத்தில் கைப்பிடி வைப்பார்கள். போகும்போது கைப்பிடி இடது கைக்கு வரும். திரும்பி வரும்போது? அதே கைப்பிடி வலது கைப் பக்கம் வந்துவிடும், அந்தக் கைதான் பலவீனமான கை. இரு பக்கமும் வைக்கலாம், செலவு இரட்டிப்பு, இடமும் அடைபடும். அதைவிடப் பாதையையே சுற்றுப்பாதையாக்கி, எப்போதும் ஒரே திசையில் நடக்கவிட்டால் கைப்பிடி கடைசிவரை ஒரே கைக்கு வரும். முட்டுச்சந்தே இல்லாததால், நடுவில் நின்று உடம்பைத் திருப்ப வேண்டிய சங்கடமும் இல்லை. பக்கவாதம் வந்தவர்கள் நடக்கும்போது விழுவதைவிடத் திரும்பும்போது தடுமாறுவதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

முதன்முதலில் ஒரு வீட்டில் இதைச் செய்தபோது கைப்பிடியைச் சுற்றுக்கு உட்பக்கம் வைத்துவிட்டேன். அந்தப் பெரியவருக்கும் இடது கைதான் நல்ல கை. உட்பக்கக் கைப்பிடி இடது கைக்கு வரவேண்டுமென்றால் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுற்ற வேண்டும். நடுவில் துளசி மாடம். அந்த வீட்டுப் பாட்டி பார்த்தார், 'என்னப்பா, அவரை அப்பிரதட்சிணமா சுத்த விடறே?' என்று ஒரே போடாகப் போட்டார். பெரியவரும் மறுநாளிலிருந்து நடக்க மாட்டேன் என்றுவிட்டார். கைப்பிடியைப் பிடுங்கி வெளிப்பக்கம் நட்டேன். வெளிப்பக்கக் கைப்பிடி என்றால் இடது கையால் பிடித்தபடி பிரதட்சிணமாகவே சுற்றலாம், நடுவிலுள்ள இடமும் தடையில்லாமல் திறந்து கிடக்கும். உங்களுக்கும் அதே ஏற்பாடுதான். கைப்பிடியைப் பிடிக்கிற கை ஊன்றுகோலை விட்டாக வேண்டும் என்பதால், அப்படி நடக்கலாமா, எத்தனை சுற்று என்பதையும் பிசியோதெரபிஸ்ட்தான் சொல்ல வேண்டும். பாதை 4 அடி அகலம் இருக்கட்டும், இரண்டு இடத்தில் 5 அடியாக விரியட்டும். அப்பா நடக்கும்போது பேரன் சைக்கிளோடு வந்தால் ஒதுங்க இடம் வேண்டுமே. உங்கள் கொல்லையில் ஒரு சுற்று ஏறத்தாழ 70 அடி வரும். பத்துச் சுற்று சுற்றினால் 200 மீட்டருக்குக் கொஞ்சம் மேல்.

தளத்துக்குச் சிமென்ட் கான்கிரீட் போதும். மொசைக், பளபளப்பான டைல்ஸ், பாலிஷ் போட்ட கடப்பா எதுவும் வேண்டாம். ஈரம் பட்டால் வழுக்கும், கடப்பா கருப்பு என்பதால் வெயிலில் கால் வைக்கவும் முடியாது. கூழாங்கல், ஜல்லி அறவே கூடாது, ஊன்றுகோல் புதையும். கான்கிரீட் போட்டுக் கொஞ்சம் இறுகியதும் கொத்தனாரிடம் சொல்லி, நடக்கும் திசைக்குக் குறுக்கே தென்னந்துடைப்பத்தால் மெல்ல வரி இழுக்கச் சொல்லுங்கள். அந்தச் சன்னமான வரிகள்தான் பிடிமானம். 'பூசி வழவழன்னு தர்றேன் சார்' என்பார், விடாதீர்கள். மழைத்தண்ணீர் வடிய 4 அடி அகலத்துக்கு 1 அங்குல வாட்டம் போதும், அதற்கு மேல் சாய்ந்தால் நடப்பவருக்குத் தெரியும். கைப்பிடி 34, 35 அங்குல உயரத்தில் இருக்கட்டும். ஸ்டீல் குழாய் போடுவதானால் அதன்மேல் பருத்திக் கயிற்றை நெருக்கமாகச் சுற்றிவிடுங்கள். மே மாதம் காலை எட்டு மணிக்கே ஸ்டீல் குழாய் சுடும். பக்கவாதம் வந்த பக்கத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் சூடும் முள்ளும் உடனே உறைக்காது. அதனால்தான் காகிதப்பூ, ரோஜா, எலுமிச்சை மூன்றையும் பாதைக்குக் கையெட்டும் தூரத்தில் வைக்க வேண்டாம் என்கிறேன்.

அம்மாவுக்கு வடகோடியில் இரண்டு மேடைப் பாத்திகள். ஹாலோ பிளாக் வைத்து 2 அடி உயரம், 10 அடி நீளம். அகலம் 2 அடிக்கு மேல் கூடாது, ஒரு பக்கமிருந்துதான் கை எட்டும். ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்தால் மண் அவர் இடுப்புக்கு நேரே இருக்கும், முட்டியை மடக்க வேண்டியதில்லை. காம்பவுண்டு சுவரோடு ஒட்டிக் கட்டாதீர்கள். ஒரு அடி இடைவெளி விடுங்கள், துடைப்பம் நுழைகிற அளவு. நுழையாத சந்தில் எலி குடியேறும், எலி வந்தால் அதைத் தேடிப் பாம்பு வரும். இரண்டு பாத்திக்கும் சேர்த்து 80 கன அடி, அதாவது முக்கால் யூனிட்டுக்கு மேல் நிரப்ப வேண்டும். முழுக்க மண் வாங்க வேண்டாம். அடியில் ஒரு அடிக்குத் தேங்காய் மட்டையும் சருகும், மேலே செம்மண், தொழு உரம், கொஞ்சம் மணல். மட்டை மக்க மக்க மண் கீழே இறங்கும், வருடத்துக்கு ஒருமுறை மேலே எருவைக் கொட்டி நிரப்பிக்கொள்ளலாம். மேடைப் பாத்தியின் குறை, சீக்கிரம் காயும். திருச்சி வெயிலுக்குச் சொட்டுநீர்க் குழாயும், மண்ணை மூடும் சருகும் இல்லாமல் சரிப்படாது. சுற்றுப்பாதையின் கைப்பிடி இந்தப் பாத்திகளின் முன்விளிம்பை ஒட்டியே போகட்டும். அப்பா பிடித்து நடப்பார், அம்மா எழுந்திருக்கும்போது அதையே பிடித்து எழுவார். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை அப்பா அவரைத் தாண்டிப் போவார். 'இன்னைக்கு எத்தனையாவது சுத்து?' என்று அம்மா கேட்பார் பாருங்கள், அது எந்தக் கருவியும் செய்யாத வேலை.

என்ன விதைப்பது என்பதில் அம்மாவுக்கு நான் சொல்லித்தர ஒன்றுமில்லை. ஆடியிலும் தையிலும் விதைத்துவிட்டு, மே மாதத்தில் மட்டும் தக்காளியை நம்பாமல் இருந்தால் போதும், அந்தச் சூட்டில் பூ உதிர்ந்துவிடும். கோடைக்கு வெண்டையும் கொத்தவரையும் தாங்கும். மல்லிகையை நவம்பர் கடைசி வாரத்தில் தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு வெட்டிவிட வேண்டும், மார்ச்சிலிருந்து பூக்கும். 'பூக்கிற செடியை வெட்டாதே' என்பார். வெட்டத்தான் வேண்டும். முருங்கை கேட்டால் வடகிழக்கு மூலையில், பாதைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். கிளை சட்டென்று முறியும், மழைக்காலத்தில் கம்பளிப்பூச்சி அப்பும்.

நிழலுக்கு வருவோம். மேற்கு எல்லையில், வீட்டுச் சுவரிலிருந்து பத்தடியாவது தள்ளி ஒரு புங்கை. இலையுதிர்த்தாலும் கோடை முற்றுவதற்குள் தளிர்த்து நிழல் விரித்துவிடும். ஆனால் உட்கார நிழல் கிடைக்க நான்கைந்து வருடம் ஆகும், அப்பாவின் பயிற்சி அதுவரை காத்திருக்காது. அதனால் தென்மேற்கு மூலையில், பெஞ்சுக்கு மேல் 7 அடி உயரத்தில் பந்தல். முதல் வருடம் புடலையும் பாகலும் ஏற்றிவிடுங்கள், இரண்டு மாதத்தில் மூடிக்கொள்ளும். பக்கத்திலேயே முல்லைக்கொடி ஒன்று நட்டால், அது மெல்ல ஏறிப் பின்னால் பந்தலைத் தன்வசம் எடுத்துக்கொள்ளும். அம்மாவின் காய், அப்பாவின் நிழல், சாயங்காலத்தில் எல்லோருக்கும் வாசனை. பெஞ்சு 18 அங்குல உயரம், இரு பக்கமும் கை ஊன்றி எழக் கைகள் உள்ளதாக. குழிந்த சாய்வு நாற்காலி வேண்டாம், உட்கார்ந்தால் எழ முடியாது.

மகனுக்கு ஊஞ்சல், சறுக்குமரம் என்று வாங்கிப் போட வேண்டியதில்லை. சுற்றுப்பாதைக்கு நடுவே, சமையலறை ஜன்னலிலிருந்து தெரிகிற இடத்தில், 6 அடிக்கு 6 அடி மணல்குழி, ஒரு அடி ஆழம். ஆற்றுமணல் கொஞ்சம் கிடைத்தால் நல்லது, எம்-சாண்டில் தூள் அதிகம். பூனை அசிங்கம் பண்ணாமல் இரவில் மூடிவைக்க ஒரு தார்ப்பாய். பக்கத்தில் முழங்கால் உயரத்தில் ஒரு குழாய். தாமரைத் தொட்டி ஆசையை மூன்று நான்கு வருடம் தள்ளிப்போடுங்கள். சின்னக் குழந்தை மூழ்க ஒரு சாண் தண்ணீரே போதும், சத்தமும் வராது. அம்மா பூஜைக்கு அரளி கேட்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். அரளியில் இலை, பூ, தண்டு எல்லாமே விஷம், இதயத்தைப் பாதிக்கும் வகை. மஞ்சள் அரளியின் காய் இன்னும் மோசம். எல்லாவற்றையும் வாயில் வைத்துப் பார்க்கும் வயதுப் பிள்ளை இருக்கும்வரை இரண்டும் வேண்டாம், செம்பருத்தியும் பவளமல்லியும் பூஜைக்கு ஆகும். அதேபோல் ஆமணக்கு, குன்றிமணி, ஊமத்தை, செங்காந்தள், நர்சரிக்காரர் அழகாகச் சட்டியில் வைத்துத் தரும் டைஃபன்பாக்கியா. கடைசியாகச் சொன்னதைக் கடித்தால் வாயும் நாக்கும் எரிந்து வீங்கும். எருக்கும் திருகுக்கள்ளியும் பால் கண்ணில் தெறித்தால் ஆபத்து. தப்பித்தவறி எதையாவது தின்றுவிட்டால் வீட்டு வைத்தியம் பார்க்காமல், அந்தச் செடியின் கிளையை ஒடித்துக் கையோடு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

கறிவேப்பிலை மட்டும் இரண்டு நடுங்கள். ஒன்று சமையலறைக்கு, ஒன்று மணல்குழி ஓரத்தில். கிண்டல் இல்லை, காரணம் இருக்கிறது. கறிவேப்பிலையில் ஒருவகை வண்ணத்துப்பூச்சி முட்டையிடும். முதலில் வரும் புழு பார்க்கக் காக்கை எச்சம் மாதிரியே இலைமேல் ஒட்டிக்கொண்டிருக்கும், பெரிதானதும் பச்சையாகிவிடும். தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து இரண்டு கொம்பை நீட்டும், ஒரு நெடி அடிக்கும். 4 வயதுப் பிள்ளைக்கு இதைவிட வேடிக்கை எந்தக் கடையிலும் கிடையாது. அம்மாவோ புழுவைப் பார்த்ததும் நசுக்கப் போவார். பாட்டி செடி, பேரன் செடி என்று பிரித்துவிட்டால் சண்டை இல்லை. இதன் பக்கத்தில் இட்லிப்பூ இருந்தால் தேனுக்கும் வந்து போகும்.

புல்தரை கேட்டீர்கள். வேண்டாம் என்பது என் அபிப்பிராயம், காரணத்தைக் கணக்காகவே சொல்கிறேன். திருச்சி கோடையில் புல்லும் மண்ணும் சேர்ந்து ஒரு நாளைக்குச் சுமார் 5 மில்லிமீட்டர் தண்ணீரை ஆவியாக்கும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் என்றால் 1 லிட்டர். 400 சதுர அடிப் புல்தரை 37 சதுர மீட்டர், ஆக தினம் 185 லிட்டர். அதுபோக வெட்டு, களை, உரம். உங்கள் 3 மணி நேரத்தை அது ஒன்றே விழுங்கிவிடும், அப்பாவின் ஊன்றுகோலுக்கும் அது சரியான தளமில்லை. கண்ணுக்குப் பச்சை வேண்டுமென்றால் புங்கையடியில் 100 சதுர அடிக்கு எருமைப்புல், அவ்வளவுதான். தொட்டிச் செடிகளும் நேரத்தைத் தின்பவை, இருபதுக்கு மேல் போகாதீர்கள். பாத்திரம் கழுவும் தண்ணீரை வாழைக்கும் கல்வாழைக்கும் திருப்பிவிடலாம், கீரைக்கு வேண்டாம்.

நான் சொன்னவற்றில் எதை எவ்வளவு நம்பலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அளவுகள், வெயில் கணக்கு, விஷச் செடிகள், இவற்றில் எனக்குச் சந்தேகமில்லை. பச்சையைப் பார்த்தால் உடம்பு தேறும் என்பதற்கு எல்லோரும் காட்டுவது ரோஜர் உல்ரிச் 1984ல் சயன்ஸ் இதழில் எழுதிய ஆய்வு. பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனையில் பித்தப்பை அறுவை செய்துகொண்ட 46 பேரின் பதிவேடுகளைப் பார்த்தார். ஜன்னல் வழியே மரம் தெரிந்தவர்கள், செங்கல் சுவர் தெரிந்தவர்களைவிடச் சராசரியாக முக்கால் நாள் முன்னதாக வீடு திரும்பினார்கள், கடுமையான வலிமருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. நல்ல ஆய்வுதான், ஆனால் 46 பேர், ஒரே மருத்துவமனை, அதுவும் ஜன்னல். தோட்டம் போட்டால் பக்கவாதம் குணமாகும் என்று அதிலிருந்து யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நடக்க ஆசை வரும்படி ஒரு இடத்தை அமைத்துத் தரலாம், அதுவரைதான் என் வேலை. சிறியாநங்கை வைத்தால் பாம்பு வராது, நொச்சி வைத்தால் கொசு வராது என்கிறார்களே என்று கேட்டிருந்தீர்கள். நொச்சி இலையைப் போட்டுப் புகை போட்டால் கொசு விலகும், எங்கள் வீட்டிலும் போடுவோம். செடி சும்மா நின்றால் விரட்டும் என்பதற்கு நம்பும்படியான சான்று எதையும் நான் பார்த்ததில்லை. சிறியாநங்கைக்கும் அதே பதில்தான். குப்பை, விறகுக்குவியல், எலிவளை இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பாதையோரம் தாழ்வாக விளக்கு வையுங்கள், தொட்டித் தட்டில் தேங்கும் தண்ணீரை வாரத்துக்கொருமுறை கவிழ்த்துவிடுங்கள், கொசு முட்டை பறக்கிற கொசுவாக ஒரு வாரத்துக்கு மேல் பிடிக்கும். வாஸ்து பார்ப்பவரோடு எனக்கு இந்த வீட்டில் சண்டை வராது. பெரிய மரம் மேற்கே இருக்கட்டும் என்று அவரும் சொல்வார், நானும் சொல்கிறேன், காரணம்தான் வேறு. வடகிழக்கு முருங்கைக்கு மட்டும் முகம் சுளிப்பார், சமாளித்துக்கொள்ளுங்கள்.

மண்ணைப் பார்க்காமல் இவ்வளவும் எழுதியிருக்கிறேன். இடத்தை நேரில் பார்த்தால் சில அளவுகள் மாறும். நர்சரிக்குப் போக இன்னும் நாளிருக்கிறது. வருகிற ஞாயிறு காலை எட்டு மணிக்கும் பன்னிரண்டுக்கும் மாலை நாலுக்கும் நிழல் எங்கே விழுகிறது என்று தரையில் செங்கல் வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் அம்மாவிடம் கோலமாவு வாங்கி, சுற்றுப்பாதையை 4 அடி அகலத்துக்குத் தரையில் போடுங்கள். இடத்தை முதலில் சமப்படுத்திக் கல் பொறுக்கிவிட்டு, பக்கத்தில் நீங்கள் பிடித்துக்கொண்டு, அப்பாவை ஒரு சுற்று நடக்கவிடுங்கள். பேச்சுக் கொடுக்காதீர்கள். ஊன்றுகோல் எங்கே கோட்டைத் தாண்டுகிறது, எந்தத் திருப்பத்தில் தயங்குகிறார், எந்த இடத்தில் நின்று மூச்சு வாங்குகிறார் என்று மட்டும் பாருங்கள். அவர் நின்ற இடத்தில் ஒரு செங்கல் வையுங்கள். இரண்டாவது பெஞ்சு அங்கே.